தலை இழந்தும் ஒளியறியும் தட்டைப்புழு

உடல் இலைபோல் தட்டையாகவும் மெலிதாகவும் அமைந்த புழுக்களைத் தட்டைப்புழுக்கள் என்று விலங்கியல் நூல்கள் வகுத்துரைக்கும். இப்பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு நினைவிற்கு வருபவை நாடாப்புழுவும், கால்நடைகளின் ஈரலைக் கெடுக்கும் ஈரல் புழுவுமே ஆகும். பிற உயிரின் உடலில் ஒண்டி வாழும் அவற்றின் கதை நோயின் கதை. ஆனால் அவற்றுக்கு உறவாயிருந்தும், எவ்வுயிரின் உடலிலும் குடிபுகாமல், குளத்து நீரிலும் ஈர மண்ணிலும் கடற்பாறை இடுக்கிலும் தாமே இரை தேடி வாழும் தட்டைப்புழுக்கள் ஆயிரக்கணக்கான இனங்களாக உள்ளன. இவற்றைத் தன்வாழ்வுத் தட்டைப்புழுக்கள் எனலாம். பள்ளிப் பாடநூலில் நாம் கண்ட பிளனேரியா இக்கூட்டத்தைச் சேர்ந்ததே.

ஒரு விரற்கடைகூட இல்லாத இப்புழுவைப் பற்றி நம் இதழில் எழுதுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இன்று இப்புழு 'மாதிரி உயிரி'யாக வளர்க்கப்படுகிறது. நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில், பெங்களூரில் உள்ள ஓர் அரசு ஆய்வு நிறுவனத்தில் இதனை வைத்துச் செய்த ஆய்வுகள் உலகின் கவனத்தை ஈர்த்துள்ளன. அவ்வாய்வின் பொருளோ புலன்கள் பற்றியது. உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கும் மரபில் வந்த நாம் அதனை அறியாமல் இருத்தல் பொருந்தாது. மேலும் உயிரியல் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்புழுவால் எழுகின்ற அறச்சிக்கல் ஒன்றும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதலில் மாதிரி உயிரி என்பது யாது என அறிதல் வேண்டும். எல்லா உயிர்களையும் ஆராய ஒருவர் ஆயுள் போதாது. ஆதலின் வளர்ப்பதற்கு எளியதும், விரைவில் பெருகுவதும், அறிய விரும்பும் இயல்பு மிகுதியாகத் தோன்றுவதுமான ஓர் உயிரைத் தேர்ந்துகொண்டு, பலரும் அதனையே ஆராய்ந்து, ஒருவர் கண்டதை மற்றவர் சரிபார்த்து அறிவைச் சேர்ப்பர். பாரம்பரியத்தை அறியப் பழ ஈ உதவியதும், மெண்டல் பட்டாணிச் செடியை நாடியதும் இவ்வாறே. இழந்த உறுப்பை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் ஆற்றலை, அதாவது இழப்பு மீட்டலை, அறிய விரும்புவோர் தேர்ந்த உயிர் பிளனேரியா.

இதன் உடலமைப்பைச் சிறிது விரித்துரைக்கிறேன். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் இதன் படத்தை வண்ணச் சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் வரையப் பழகினோம். முக்கோணம் போன்ற தலை, அதன்மேல் ஒன்றையொன்று பார்ப்பனபோல் இரண்டு கண்கள். மாறுகண் புழு என்று மாணவர் சிரிப்பர். உண்மையில் அக்கண்ணில் வில்லை கிடையாது. கருநிறமிக் கிண்ணம் ஒன்றும், அதனுள் ஒளியை உணரும் நரம்பணுக்கள் சிலவுமே உள்ளன. தலையில் இரு மடலான மூளையும், அதிலிருந்து வால்வரை ஓடும் இரு நரம்பு வடங்களும் உண்டு. இரத்தம் இல்லை. இதயமோ நுரையீரலோ செவுளோ இல்லை. உடல் அத்துணை மெலிதாதலின் உயிர்வளி தோல் வழியாகவே உட்புகுந்து அணுக்களை அடைந்துவிடும். வாய் தலையில் இல்லாமல் வயிற்றுப் பக்கத்தின் நடுவில் இருக்கின்றது என்பதைத் தேர்வில் தவறாக எழுதாத மாணவரைக் காண்பது அரிது. அவ்வாயிலிருந்து தொண்டைக்குழல் வெளியே நீண்டு இரையை உறிஞ்சும். உண்ட வழியே கழிவும் வெளியேறும். ஏனெனில் குடலுக்குத் திறப்பு ஒன்றுதான்.

இப்புழுவை வெட்டினால் ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாகிவிடும் என்பது பழைய செய்தி. 1814ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து நாட்டவரான ஜான் கிரகாம் டாலியெல் என்பவர் தாம் கண்டவற்றை நூலாக வெளியிட்டார். 1898இல் அமெரிக்க அறிஞர் தாமஸ் ஹன்ட் மார்கன், உடலின் 279இல் ஒரு பங்கு அளவே உள்ள துண்டுகூட முழுப் புழுவாக வளர்ந்ததைக் கண்டு எழுதினார். இம்மார்கன் பிற்காலத்தில் பிளனேரியாவை விட்டுப் பழ ஈக்கு மாறி, குரோமோசோம்களின் பணியை விளக்கி, 1933இல் நோபல் பரிசு பெற்றார். தட்டைப்புழு ஆய்வும் அவருடன் பின்தள்ளப்பட்டது. வியப்பு இருந்ததே தவிர, அது எவ்வாறு நிகழ்கிறது என்று உள்ளே புகுந்து காணும் கருவி அன்று இல்லை.

அதற்கு விடை உடலெங்கும் பரவிக்கிடக்கும் ஒருவகைச் சிற்றணுக்களில் இருந்தது. நியோபிளாஸ்ட் என வழங்கும் இவை குருத்தணுக்கள் ஆகும். தென்னையின் குருத்திலிருந்து ஓலையும் பாளையும் தோன்றுவதுபோல, இவ்வணுக்களிலிருந்து தோல், தசை, நரம்பு, குடல் ஆகிய எல்லா வகை அணுக்களும் தோன்றுகின்றன. பிளனேரியாவின் உடலணுக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவையே. மனிதருக்கும் குருத்தணுக்கள் உண்டு. ஆனால் எலும்பு மஜ்ஜையில் உள்ளவை இரத்த அணுக்களை ஆக்கும், தோலில் உள்ளவை தோலை ஆக்கும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. இப்புழுவின் குருத்தணுக்களுள் சிலவோ எதுவாகவும் ஆகவல்லன. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பீட்டர் ரெட்டியன் என்பவரின் குழுவினர் இதனை ஐயமற நிறுவினர். கதிரியக்கத்தால் ஒரு புழுவின் குருத்தணுக்கள் யாவற்றையும் அழித்தால் அது சில வாரங்களில் இறந்துபடும். அத்தகைய புழுவினுள் வேறொரு புழுவின் குருத்தணு ஒன்றே ஒன்றைச் செலுத்தினர். அவ்வோரணு பெருகிப் பெருகி உடலை நிரப்ப, இறக்கவேண்டிய புழு பிழைத்தெழுந்தது.

எதுவாகவும் ஆகலாம் என்றால், வெட்டுண்ட இடத்தில் தலை வேண்டுமா வால் வேண்டுமா என்பதை அணு எப்படி அறிகின்றது? நெடுஞ்சாலையில் மைல்கல்லைப் பார்த்து ஊர் எவ்வளவு தொலைவு என்று அறிகிறோம் அல்லவா? அதுபோல உடலின் நீளவாக்கில், வாலில் மிகுதியாகவும் தலைநோக்கிச் செல்லச்செல்லக் குறைவாகவும் சில புரதக் குறிகள் பரவியுள்ளன. தசையணுக்கள் இம்மைல்கற்களைத் தாங்கி நிற்கின்றன. 2008ஆம் ஆண்டில் பீட்டா கேட்டனின் என்னும் ஒரு மரபணுவை அடக்கிப் பார்த்தபோது, வால் முளைக்கவேண்டிய இடத்தில் தலை முளைத்தது. மைல்கல்லைப் பிடுங்கியதால் வழி மாறிற்று.

இவ்வாறு மரபணு ஒன்றை மட்டும் அடக்கிப் பார்க்கும் வழி 1999ஆம் ஆண்டில் கைவந்தது. அலெஹாந்திரோ சான்செஸ் அல்வராடோ, ஃபிலிப் நியூமார்க் ஆகிய இருவரும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. எனும் பொருளைப் புழுவினுள் செலுத்தி இதனைச் செய்து காட்டினர். அவர்கள் தேர்ந்தெடுத்த இனம் ஷ்மிட்டியா மெடிட்டரேனியா. 1998இல் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில், மோன்ட்ஜுயிக் குன்றில் பயன்பாடற்றுக் கிடந்த ஒரு நீரூற்றுத் தொட்டியில் அதனைச் சேகரித்தனர். அங்கிருந்து கொணர்ந்த புழுக்களின் வழித்தோன்றல்களே இன்று பல நாடுகளின் ஆய்வகங்களில் வாழ்கின்றன.

பார்சிலோனாத் தொட்டியின் இப்புழு இனம் இந்தியாவுக்கும் வந்தது. பெங்களூரில் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தை அடுத்து, குருத்தணு அறிவியலுக்கும் இழப்பு மீட்டல் மருத்துவத்திற்கும் என மைய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2009ஆம் ஆண்டில் நிறுவிய ஆய்வு நிறுவனம் இன்ஸ்டெம் என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. அங்கே தசரதி பாலகோடெட்டி அவர்களின் ஆய்வுக்குழு பிளனேரியாவின் குருத்தணுக்களை ஆராய்கின்றது. எந்தக் குருத்தணு எதுவாகவும் ஆகும் ஆற்றலைத் தக்கவைத்திருக்கிறது, எது ஒரு தனிப்பணிக்கென்று உறுதிப்பட்டுவிட்டது என்று பிரித்தறிவது கடினம். மைட்டோகாண்டிரியா எனும் ஆற்றல் உலைகள் குறைவாக உள்ள குருத்தணுக்களிடமே அவ்வாற்றல் மிகுந்திருக்கிறது என 2021ஆம் ஆண்டில் இக்குழுவினர் கண்டனர். இதனால் நாளையே முதுகெலும்பு முறிந்தவர் எழுந்து நடப்பார் என்று நாளிதழ்கள் சில எழுதுவதைப்போல நான் எழுதமாட்டேன். இன்றுவரை பிளனேரியாவிலிருந்து மனிதருக்கு நேரடியான மருத்துவம் ஏதும் கிட்டவில்லை. கிட்டியிருப்பது அறிவு.

இனி நமக்கு மிகவும் தொடர்புடைய ஆய்வுக்கு வருவோம். தசரதி பாலகோடெட்டியும், அதே நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய ஆகாஷ் குல்யானியும், அவர்தம் மாணவர்களும் சேர்ந்து பிளனேரியா ஒளியை எங்ஙனம் உணர்கிறது என்று ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிளனேரியா இயல்பாகவே ஒளியைக் கண்டால் விலகி நிழலை நாடும். இரு பக்கமும் இருவேறு நிற ஒளிகளைக் காட்டி, எப்பக்கம் செல்கிறது என்று பார்த்தனர். நம் கண்ணில் நிறங்களை உணரவென்று மூவகை அணுக்கள் உள்ளன. இப்புழுவின் கண்ணிலோ ஒளியுணர் புரதம் ஒரே வகைதான். எனவே நிறம் என்பது அதற்கு இல்லை. ஆயினும் ஒளியின் அலைநீளம் 25 நானோமீட்டர் அளவே மாறினாலும் அது வேறுபாட்டை உணர்ந்து, தன் போக்கை முற்றிலும் மாற்றிக்கொண்டது!

இது எவ்வாறு இயலும்? பழைய கருப்பு வெள்ளைப் புகைப்படத்தை நினைத்துப் பாருங்கள். சிவப்புப் புடைவையும் பச்சைப் புடைவையும் அதில் நிறமாகத் தெரியா. ஆனால் ஒன்று சற்று வெளுத்தும் மற்றொன்று சற்றுக் கறுத்தும் தெரியும். அதுபோல, ஒவ்வொரு நிற ஒளியையும் அக்கண் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகிறது. எப்பக்கம் குறைவாக உறிஞ்சப்படுகிறதோ அப்பக்கம் அதற்கு இருள். இருபுறத்தையும் ஒப்பிட்டு முடிவெடுக்கும் பணி அச்சிறு மூளையினுடையது. நிறமறியாக் கண்ணைக்கொண்டு நிற வேறுபாட்டைப் பிரித்தறிவது என்றால், ஒப்பிடுதல் என்னும் செயல் அங்கே நடைபெறுகிறது என்றன்றோ பொருள்?

தலையை நீக்கியபின் நிகழ்ந்தது இன்னும் வியப்புடையது. கண்ணும் மூளையும் அற்ற அவ்வுடல், கட்புலனாகும் ஒளியைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் புற ஊதாக் கதிரின் மெல்லிய ஒளி பட்டவுடன் விலகி ஓடிற்று. அதாவது கண்ணைச் சாராத மற்றொரு ஒளியுணர்வு உடல் முழுவதும் இருக்கிறது. புதுத்தலை முளைக்கும் நாட்களில் கண் தோன்றியவுடன் ஒளி உண்டு இல்லை என்பதை மட்டும் அறிந்தது. நுண்ணிய வேறுபாட்டை ஒப்பிடும் திறன் பின்னரே வந்தது. முழுமையான புழுவில் கண்ணும் மூளையும் சொல்வதே மேலோங்கும். அரைகுறையாக வளர்ந்த நிலையில் உடலுணர்வு கண்ணை மீறிநிற்கும். 2021ஆம் ஆண்டில் இவ்வறிஞர்கள் மேலும் ஆராய்ந்து, உடலின் விளிம்பை ஒட்டி வரிசையாக ஒளியுணர் அணுக்கள் அமைந்திருப்பதையும், அவற்றில் இருவகை ஒளியுணர் புரதங்கள் இருப்பதையும் கண்டறிந்தனர். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்குக் கண் உண்டு. விளிம்பு அணுக்களின் வரிசையோ வளர்ந்த பின்னரே முதிர்கின்றது. ஓய்ந்து கிடக்கும் புழுவை, காணும் ஒளியால் எழுப்ப முடியவில்லை. சிறிதளவு புற ஊதாக் கதிர் எழுப்பிவிட்டது. வெயிலின் தீங்கு தரும் பகுதியைத் தூக்கத்திலும் காத்து நிற்கும் காவலாளியாக அவ்வரிசை விளங்குகிறது என்பது என் கருத்து.

இங்கே நம் மரபை நினைவுகூர்தல் தகும். தத்துவார்த்த சூத்திரம் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என்ற வரிசையில் ஒவ்வொரு புலனாகக் கூடும் என்று வகுக்கின்றது. அதன்படி புழுவுக்கு மெய்யும் வாயும் ஆகிய இரு புலன்கள். தொல்காப்பிய மரபியலிலும் இதனையொத்த அறிவுப் பாகுபாடு உள்ளதை நம் தமிழாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். அங்ஙனமாயின் கண்ணுடைய இப்புழுவை எங்கே வைப்பது? நூல் பிழைபட்டது என்று ஓடிவந்து சொல்லும் இளைஞர்களும், அறிவியலே பொய் என்று முகம் திருப்பும் முதியோர்களும் உள்ளனர். இருவரும் அவசரப்படுகின்றனர். புழு என்பது ஒரு பெயர். மண்புழு, கொக்கிப்புழு, தட்டைப்புழு ஆகிய மூன்றும் வெவ்வேறு தொகுதிகள் என்று இன்றைய விலங்கியல் பிரிக்கிறது. மண்புழுவின் உடலில் வளையங்கள் உண்டு, இரத்தம் உண்டு. தட்டைப்புழுவில் இரண்டும் இல்லை. நீண்டு நெளிவதனால் மட்டுமே ஒரே பெயரால் அழைக்கிறோம். ஆகமப் பாகுபாட்டின் அடிப்படையோ பெயரன்று, புலனே. பிளனேரியாவின் தலையின் இருபக்கத்திலும் காதுபோல் நீண்ட மடல்கள் நீரில் கரைந்து வரும் இரையின் வாசனையை உணர்கின்றன. ஆகவே தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல் ஆகிய நான்கும் அதற்கு உண்டு. கேட்டல் இல்லை. புலனை எண்ணியே இடம் தருவதாயின், இதனைப் புழு என்ற பெயர் நோக்கி ஈரறிவில் நிறுத்தாமல் வண்டின் வரிசையில் வைத்தலே முறை என்று எனக்குத் தோன்றுகிறது. வரிசையும் குலையவில்லை. நான்காம் புலன் உள்ளதற்கு முதல் மூன்றும் உள்ளன அன்றோ?

இரண்டாகப் பிளந்தால் இரண்டு உயிராவது எப்படி, ஆன்மா பகுபடுமோ என்று கேட்போர் உண்டு. ஜீவன் பகுக்கப்படாதது, எனினும் தான் பெற்ற உடலின் அளவிற்கு விரிந்தும் சுருங்கியும் நிற்பது என்பது நம் கொள்கை. விளக்கின் ஒளி அறைக்கேற்ப நிறைவதை இதற்கு உவமையாகக் கூறுவர். அக்கொள்கைப்படி நோக்கின், பழைய ஜீவன் ஒரு பகுதியில் ஒடுங்கி நிற்க, வாழ்தற்கேற்ற மற்றப் பகுதி புதியதோர் ஜீவனுக்குப் பிறப்பிடமாகிறது எனல் பொருந்தும். கருவின்றிச் சூழலில் தோன்றும் சம்மூர்ச்சனப் பிறப்பை நம் நூல்கள் ஏற்றுள்ளனவாதலின் இதில் முரண் இல்லை. ஒடித்து நட்ட முருங்கைக் கிளை தனி மரமாவதைக் கண்டு நாம் திகைப்பதில்லையே!

வெட்டுவது மனிதனின் கத்தி மட்டுமன்று. இப்புழு தானாகவே தன் வாற்பகுதியைத் தரையில் ஊன்றி, முன்பகுதியை இழுத்து, இரண்டாகப் பிய்த்துக்கொள்ளும். பாலினமின்றிப் பெருகும் வகைக்கு இதுவே இனப்பெருக்கம். ஓரிரு வாரங்களில் வால்துண்டு தலையையும், தலைத்துண்டு வாலையும் பெற்றுவிடும். இன்னொரு பண்பும் குறிப்பிடத்தக்கது. உணவு கிட்டாதபோது இப்புழு இறப்பதில்லை. தன் உடலணுக்களையே எரித்துப் பலமடங்கு சிறுத்துப்போகும். உறுப்புகளின் விகிதம் மாறாமல் பெரிய புழுவின் சிறிய பிரதியாகவே இருக்கும். உணவு கிடைத்தபின் மீண்டும் வளரும். நண்பர் ஒருவர் இதனைப் புழுவின் உண்ணாநோன்பு என்றார். அஃது உவமைக்கு இனிது, உண்மைக்குப் பொருந்தாது. நோன்பு சங்கற்பத்தால் அமைவது.

நினைவு பற்றிய ஆய்வுகளையும் ஓரளவு சொல்லவேண்டும். 1962இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் மெக்கானல் என்பவர், பயிற்சி பெற்ற புழுக்களை நறுக்கிப் பிற புழுக்களுக்கு உணவாகக் கொடுத்தால் அந்நினைவும் உடன் செல்கிறது என்று அறிவித்தார். உலகமே பேசியது. ஆனால் பிறர் செய்து பார்த்தபோது அது உறுதிப்படவில்லை. கொடியதோர் ஆய்வு வீணாகவும் போயிற்று. 2013இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டால் ஷோம்ரட், மைக்கேல் லெவின் ஆகியோர் வேறுவகையில் ஆராய்ந்தனர். சொரசொரப்பான தட்டில்தான் இரை கிடைக்கும் என்று பழக்கிய புழுக்களின் தலையை நீக்கி, புதுத்தலை வளர்ந்தபின் சிறிது நினைவூட்டியபோது, அவை பழகாத புழுக்களைவிட விரைந்து கற்றன. மனிதரின் பார்வையால் பக்கச்சார்பு நேராதபடி கணிப்பொறியே இதனை அளந்தது.

இப்போது அறச்சிக்கல். கல்லூரியில் உயிரியல் பயிலும் நம் சமுதாய மாணவி ஒருத்தி, "பாட்டி, புழுவை வெட்டாமல் இந்தப் பாடத்தைப் படிக்க முடியாதா?" என்று என்னிடம் கேட்டாள். வினா சிறியது. ஆயினும் இல்லறத்தார் ஏற்கும் அஹிம்சை அணுவிரதத்தின் எல்லையை அது தொடுகிறது. உழவிலும் தொழிலிலும் சமையலிலும் நேரும் தவிர்க்கவொண்ணா ஹிம்சைக்கு இல்லறத்தாருக்கு இடமுண்டு. இடம்பெயரும் உயிர்களை, அதாவது ஈரறிவு முதலாகிய திரச ஜீவன்களை, சங்கற்பித்துக் கொல்வதற்கு இடமில்லை. பிளனேரியா நகரும் உயிர். கத்தியை எடுத்து நறுக்குவது சங்கற்பமே. துண்டு சாகவில்லையே, இரண்டாகத்தானே ஆயிற்று என்று சமாதானம் கூறுவர். துண்டுகள் எல்லாமும் பிழைப்பதில்லை என்பதும், கதிரியக்கத்திற்கு உட்பட்டவை இறக்கின்றன என்பதும் மறைக்கக்கூடாத உண்மைகள். ஆய்வகங்களில் இவற்றுக்கு உணவாக மாட்டு ஈரற்கூழ் இடப்படுகிறது என்பதையும் நம் பிள்ளைகள் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

மறுபக்கத்தையும் நேர்மையாகக் கூறவேண்டும். எலியையும் முயலையும் கொண்டு செய்த ஆய்வுகள் சிலவற்றை இப்புழுவைக்கொண்டு செய்கின்றனர். விலங்காய்வில் மாற்று, குறைப்பு, துன்பந்தணிப்பு என்ற மூன்று நெறிகளை 1959ஆம் ஆண்டில் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்தனர். ஐந்தறிவுயிருக்குப் பதில் அறிவு குறைந்த உயிர் என்பது அம்முதல் நெறியின் ஒரு வடிவம். அதுமட்டுமன்று. நத்தைக் காய்ச்சல் எனப்படும் சிஸ்டோசோமா நோயை உண்டாக்கும் தட்டைப்புழுக்கள், ஆப்பிரிக்கா முதலிய நாடுகளில் கோடிக்கணக்கானோரை வாட்டுகின்றன. உடலினுள் அவை ஆண்டாண்டாக அழியாமல் வாழ்வதற்கும் குருத்தணுக்களே காரணம் என்று 2013இல் கண்டறிந்தவர்கள் பிளனேரியாவில் பயிற்சி பெற்ற ஆய்வாளர்களே. ஏழைக் குழந்தைகளின் நோயைத் தீர்க்கும் அறிவைத் துச்சமென ஒதுக்குதல் கருணையாகாது.

அம்மாணவிக்கு நான் கூறியது இது. வெட்டாமலே காணத்தக்கவை பல. பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் விலங்குகளை அறுத்துப் பயில்வதைப் படிப்படியாகக் கைவிட நெறிமுறை வகுத்ததும், 2014இல் அதனை மேலும் இறுக்கியதும் உன் பக்கம் நிற்கின்றன. ஆதலின் பேராசிரியரிடம் தயங்காமல் வேண்டுகோள் வைக்கலாம். தெளிந்த ஓடையிலும் குளத்திலும் கல்லின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் புழுவை, தூரிகையின் மயிரால் மெல்லத் தள்ளி, அதே நீருடன் கண்ணாடிக் கிண்ணத்தில் எடு. கிண்ணத்தின் ஒருபாதியைக் கறுப்புத் தாளால் மூடி மறுபாதியில் ஒளி படச்செய். எத்தனை நிமிடத்தில் நிழலை அடைகிறது என்று கடிகாரத்தால் அளந்து எழுது. நிறக்கண்ணாடித் தாள்களை மாற்றிப் பார். பெங்களூரில் செய்த ஆய்வின் முதற்பகுதியை நீயே கண்டவளாவாய். தானே பிளவுபட்ட புழு கிட்டினால் நாள்தோறும் உருப்பெருக்கியில் பார்த்துப் படம் வரை. ஓரிரு நாளில், எடுத்த இடத்திலேயே கொண்டு விட்டுவிடு. நீர் சூடேறவும் குழாய்நீர் கலக்கவும் கூடாது.

ஈரற்கூழ் வேண்டாத மாதிரி உயிரியும் உண்டு. இத்தாலியின் லிக்னானோ கடற்கரை மணலில் கண்டெடுக்கப்பட்டு 2005இல் பெயரிடப்பட்ட மாக்ரோஸ்டோமம் லிக்னானோ என்ற தட்டைப்புழு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே உடையது. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலாதலின் உள்ளுறுப்புகளை அறுக்காமலே உருப்பெருக்கியில் காணலாம். ஆய்வகத்தில் இது நுண்பாசியை உண்டு வாழ்கிறது. மூன்று வாரங்களில் அடுத்த தலைமுறை முட்டையிடும் பருவத்தை அடையும். பிளனேரியாவைப்போல் இது பிளந்து பெருகுவதில்லை. மூளையை இழந்தால் மீட்கவும் இயலாது. ஒரே குருத்தணு முறை இருந்தும் ஒன்று தலையை மீட்கிறது, மற்றொன்று மீட்பதில்லை. ஏன் என்பதே இன்றைய ஆய்வாளர்களின் வினாக்களுள் ஒன்று.

லிக்னானோ வரை போவானேன்? இக்கட்டுரையை எழுதும் இனயத்தின் கடற்கரையிலும், அலை நனைத்த மணல் ஒரு பிடியில், மணிகளின் இடைவெளியில் கண்ணுக்குப் புலப்படாத எத்தனையோ சிற்றுயிர்கள் வாழும். மணற்கடற்கரைகளில் அவற்றுள் தட்டைப்புழுக்களும் அடங்கும். வெப்பக் கடல்களின் பாறை இடுக்குகளில் புடைவைக் கொசுவம்போல் ஓரம் மடிந்து, கண்கவர் நிறங்களுடன் மிதந்து செல்லும் பெரிய கடல் தட்டைப்புழுக்களும் உண்டு. அவற்றை நீந்தும் பூ என்றே சொல்லலாம்.

நிலத்தில் வாழ்வது மற்றோர் இனம். பிபாலியம் எனப்படும் இதன் தலை பிறைநிலா வடிவில் விரிந்திருக்கும். உடல் மெலிந்து நீண்டு, முதுகில் கருங்கோடுகள் ஓடும். மழை ஓய்ந்த காலையில் பூந்தொட்டியின் அடியிலும், தென்னந்தோப்பின் உதிர்ந்த மட்டைகளின் கீழும், பாசி பிடித்த படிகளிலும் காணலாம். மார்த்தாண்டம் வழியே சிதறால் திருச்சாரணத்து மலைக்கு மழைக்காலத்தில் தரிசனத்திற்கு வருவோர் பாதையைப் பார்த்து அடிவைப்பது நல்லது. பாம்புக்குட்டி என்று அஞ்சி இதனை அடித்து நசுக்குவோரும், உப்பைக் கொட்டுவோரும் உள்ளனர். இது மண்புழுக்களை உண்ணும். மனிதரைக் கடிக்காது. ஆனால் இதன் உடலில் பேத்தை மீனில் உள்ள நஞ்சே சிறிதளவு உள்ளதென 2014இல் கண்டறியப்பட்டதால், சிறுவர்கள் வெறுங்கையால் தொடக்கூடாது. துண்டாக்கினாலோ துண்டுகள் மீண்டும் புழுக்களாகும். ஒரு தாளையோ பலாவிலையையோ அதன் முன் வைத்தால் தானே ஏறிக்கொள்ளும். எடுத்துச் சென்று நிழலான ஈரமண்ணில் விட்டுவிட்டுக் கையைச் சோப்பால் கழுவிவிடலாம்.